மூலையில் இரண்டு கோடு

"அம்மா! இன்னும் எவ்வளவு நேரம் அந்த அலுமாரிக்குள்ள தலையை வைச்சுக்கொண்டு நிக்கப்போறியள்? பன்னிரண்டுக்கு பஸ்!"

சாரங்கி கீழேயிருந்து கத்தினாள். கமலாதேவி அலுமாரிக்குள் இன்னும் உள்ளே கையை விட்டாள். போர்வைகளுக்கு அடியிலிருந்து ஒரு நீலப் புத்தகத்தை இழுத்தெடுத்துக் கைப்பையின் அடியில் வைத்தாள். அதன்மேல் ஒரு துவாய். துவாய்க்கு மேல் விடியவே எழும்பிப் பொரித்த ரோல்ஸ் பெட்டி.

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரத் தமிழ்ச் சங்கத்தின் நோர்வேப் பயணம் அது. பின்னேரம் ஹியர்ட்ஸ்ஹால்ஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் விடியும்போது நோர்வே. அங்கே ஒரு பகல் முழுவதும் பஸ்ஸிலும் படகிலுமாக, மலைகளுக்குள் கடல் புகுந்து கிடக்கும் ஃபியோர்ட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். பெயர் கொடுத்தது சாரங்கிதான். நான்கு வருடத்தில் தாயோடு எங்கேயாவது போக அவள் சம்மதித்தது இதுவே முதல் தடவை.

இது கெட்டுப்போகக்கூடாது... கடவுளே, இது மட்டும் கெட்டுப்போகக்கூடாது!

கீழே குசினியில் கணவன் சிவானந்தனின் தங்கை யோகமலர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். இந்தப் பயணத்துக்கென்றே அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து முதல்நாள் ரயிலில் வந்திருந்தாள்.

"அண்ணி வாறாவோ அண்ணை? இல்லாட்டி வழமைபோல தலையிடியோ? என்ர மகளின்ர கலியாணத்துக்குக் கனடா வரச்சொல்லி எத்தினை தரம் கூப்பிட்டனான்! பிளேனுக்குப் பயமாம். இப்ப கப்பலுக்குப் பயமில்லையாக்கும்!"

"அத்தை, விடுங்கோ," என்றாள் சாரங்கி. "நான் லண்டனில பட்டம் வாங்கேக்கயே வரேல்லை. ஃபாக்டரியில லீவு தரேல்லையாம். மூண்டு நாள்... மூண்டு நாள் லீவு!"

படியிறங்கி வந்த கமலாதேவி அதைக் கேட்டாள். கேளாததுபோல ரோல்ஸ் பெட்டியைச் சரிசெய்தாள். வாசலில் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்த கணவனிடம் குனிந்து மெல்லக் கேட்டாள்.

"இஞ்சருங்கோ... பாஸ்போட் கேப்பினமோ?"

"நோர்வேதானே. ஒருத்தரும் கேக்காயினம்."

சிவானந்தன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினாறு வருடங்களுக்கு முன் டேனிஷ் குடியுரிமைக் கடிதம் வந்தபோதும் அவர் அப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடிதத்தில் அவர் பெயரும் மகளின் பெயரும் இருந்தன. கமலாதேவியின் பெயர் இல்லை. குடியுரிமைப் பரீட்சைக்கான மொழி வகுப்பு மாலையில். தையல் ஃபாக்டரி வேலையும் மாலையில். இரண்டு பேரில் ஒருவர்தான் படிக்கப் போகலாம் என்றானபோது, "நீங்கள் போங்கோ, நான் வேலைக்குப் போறன்," என்றவள் அவள். பிறகு தனியாகப் படித்து இரண்டு தரம் பரீட்சை எழுதினாள். எழுத்தில் இரண்டு தரமும் தவறினாள். ஆனால் சங்கத் தலைவரான சிவானந்தன் அதற்கு முன்பே மண்டபத்தில் கேக் வெட்டி, "எங்கட வீட்டில மூண்டு பேருக்கும் கிடைச்சிட்டுது!" என்று சொல்லிவிட்டார். எல்லாரையும் பரீட்சை எழுதச் சொல்லி மேடையில் பேசுகிறவர் அவர். வீடு திரும்பியதும், "கமலா, என்ர மானம் உன்ர கையில," என்றார்.

அன்றிலிருந்து அந்த மானம் அவள் கையில்தான் இருந்தது. தேர்தல் நாட்களில் வேலைக்குப் போகிற வழியில் வாக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். லண்டனுக்கு அந்த நீலப் புத்தகத்தில் விசா எடுக்க மகளின் கடிதம் வேண்டும். கேட்டால் எல்லாம் வெளியே வரும். ஆகவே லீவு இல்லை என்றாள். மகள் பேச்சை நிறுத்தினாள். அதையும் தாங்கிக்கொண்டாள்...

*

பஸ் ஒல்போர்க் நகரை நெருங்கும்போது சங்கச் செயலாளர் ஜெயசிங்கம் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மற்றக் கையில் சந்தைக்குப் போகிற துணிப்பை.

"எல்லாரும் பாஸ்போட்டை இதுக்குள்ள போடுங்கோ. தலைவர் எழுதித் தந்த லிஸ்டில பேரும் நாடும் இருக்கு. வாசிச்சு ஒத்துப்பாக்க வேணும். ஒண்டு பிழைச்சாலும் துறைமுகத்தில முழு பஸ்ஸையும் மறிச்சுப்போடுவாங்கள்!"

கமலாதேவி கணவனின் பக்கம் திரும்பினாள்.

"லிஸ்டில எனக்கு என்ன எழுதினனியள்?"

சிவானந்தன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"சொல்லுங்கோ..."

"டென்மார்க் எண்டுதான்... வேற என்னத்தை எழுதிறது கமலா?"

பை முன் இருக்கையிலிருந்து கையிலிருந்து கைக்கு நகர்ந்தது. டென்மார்க்கின் சிவப்புப் புத்தகங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. யாரோ ஒருவருடைய பழைய படத்தைப் பார்த்து, "இது நீரோ, உம்மட மகனோ?" என்று பகிடி விட்டார்கள். சிரிப்பு எழுந்தது. இன்னும் ஆறு வரிசை. ஐந்து. நாற்பது பேருடைய பயணம்! நான்கு.

அவள் எழுந்தாள்.

"சாரங்கி... எனக்கு ஏலாமக் கிடக்கு பிள்ளை. நான் ஒல்போர்க்கில இறங்கி ரயிலில வீட்டை போறன். நீங்கள் போட்டு வாங்கோ."

முன் வரிசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் சொன்னனான்தானே!" என்றாள் யோகமலர்.

சாரங்கி எழுந்து தாயின் வழியை மறித்தாள். "வோஃபோ?" என்று டேனிஷில் கேட்டாள். பிறகு தமிழில். "ஏன் அம்மா? ஒவ்வொரு தரமும் ஏன்? என்னோட ஒரு நாள் இருக்கிறது உங்களுக்கு அவ்வளவு கஷ்டமோ? பட்டம் வாங்கின அண்டைக்கு எல்லாற்ற அம்மாவும் வந்தவை! நான் தனிய நிண்டனான்... நீங்கள் ஃபாக்டரியில துணி வெட்டிக்கொண்டு நிண்டனீங்கள்!"

"நான் வேலைக்குப் போகேல்லை..."

"பொய்!"

"வீட்டில இருந்து கொம்பியூட்டரில நேரடி ஒளிபரப்புப் பாத்தனான்." என்றாள் கமலாதேவி. "நீ மேடையில ஏறேக்க தொப்பி விழுந்தது. கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைப் பிள்ளை எடுத்துத் தந்தது. நீ அதைத் திருப்பிப் போடாமல் கையில வைச்சுக்கொண்டே போனனீ..."

சாரங்கி தாயை உற்றுப் பார்த்தாள். தொப்பி விழுந்ததை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை.

"அப்ப... ஏன் வரேல்லை?"

கமலாதேவி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

சிவானந்தன் எழுந்தார். மனைவியின் கைகளை மெல்ல விலக்கி, ரோல்ஸ் பெட்டியையும் துவாயையும் எடுத்து இருக்கையில் வைத்தார். நீலப் புத்தகத்தை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார். அதன் மூலையில், அகதிகளின் பயணப் புத்தகத்துக்கு அடையாளமாக, இரண்டு கறுப்புக் கோடுகள்.

"இவவுக்குக் குடியுரிமை இல்லை. இண்டைக்கும் அகதிப் புத்தகம்தான். எனக்காக வேலைக்குப் போய் இவ படிக்கேல்லை. நான் எல்லாருக்கும் பொய் சொன்னனான். பிள்ளை... உன்ர பட்டமளிப்புக்கு அம்மாவை வரவிடாமப் பண்ணினது நான். யோகா, கனடாவுக்கும் நான்தான். இவ ஒரு நாளும் என்னைக் காட்டிக்குடுக்கேல்லை. லிஸ்டையும் நான்தான் பிழையா எழுதினனான்..."

அவர் அழுதார்.

ஜெயசிங்கம் நடந்து வந்து புத்தகத்தை வாங்கிப் பைக்குள் போட்டார். பேனாவை எடுத்து லிஸ்டில் ஒரு சொல்லை வெட்டினார்.

"தலைவர், இதுக்கோ இவ்வளவு? கப்பல் ஏற இன்னும் நேரம் கிடக்கு, போன் எடுத்து மாத்திவிடலாம். என்ர மனுசியும் நீலந்தான். இஞ்ச பாருங்கோ, பைக்குள்ள இன்னும் மூண்டு கிடக்கு!"

கமலாதேவி பைக்குள் பார்த்தாள். சிவப்புகளுக்கு நடுவே அவளுடையதோடு நான்கு நீலம். பதினாறு வருடம்... இதற்காகவா! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவள் இருக்கையில் விழுந்தாள்.

யோகமலர் பின்னாலிருந்து எட்டி அவள் தோளைத் தொட்டாள். "அண்ணி... நான் வாய்க்கு வந்தபடி கதைச்சுப்போட்டன்," என்றாள்.

*

மறுநாள் படகு மலைகளுக்கு நடுவே மெல்லப் போனது. இரண்டு பக்கமும் பாறைச் சுவர். உச்சியைப் பார்க்கக் கழுத்து நோகும் உயரம். ஓரிடத்தில் அருவி நேரே கடலில் விழுந்தது. டென்மார்க்கில் முப்பது வருடம் தட்டை நிலத்தையே பார்த்த கமலாதேவி கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்தபடியே நின்றாள்.

சாரங்கி வந்து அருகில் நின்றாள். தன் கம்பளித் தொப்பியைக் கழற்றித் தாயின் தலையில் மாட்டிக் காதுவரை இழுத்துவிட்டாள்.

"அம்மா... என்ர தொப்பி விழேக்க சிரிச்சனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை." கமலாதேவி தயங்கினாள். "குனிஞ்சு எடுக்கப் போனனான். கை மேசையில இடிச்சுப்போட்டுது."

சாரங்கி அவளைக் கட்டிக்கொண்டாள். அருவிச் சத்தத்தில் அவள் விம்மல் கேட்கவில்லை. தாயின் தோளுக்கு மட்டும் தெரிந்தது.

கொஞ்சம் தள்ளி, ஆறிப்போன கோப்பிக் கோப்பையோடு சிவானந்தன் நின்றார். கிட்ட வரத் துணிவில்லை.

"அப்பா குளிரில நிக்கிறார். கூப்பிடட்டோ?"

கமலாதேவி கணவனைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டும்," என்றாள். "பிறகு நானே கூப்பிடுறன்."