எடைக்கு ஒரு ஆள்

காரைக்குடியிலிருந்து அல்லாபிச்சை ஒரு பழைய காரின் அச்சையும் சக்கரங்களையும் லாரியில் போட்டுக்கொண்டு நெற்குப்பைக்கு வந்து இறங்கியபோது, குழந்தைவேலு வாசலில் நிற்கவில்லை. பெரிய மனிதர்கள் வாசலில் நின்று யாரையும் எதிர்பார்ப்பதில்லை என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். அதனால் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று லாரிச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, இப்போதுதான் தூங்கி எழுந்தவர்போல் வெளியே வந்தார்.

"வாங்க பாய். வழியில வெயிலு கடுமையோ?"

"வெயிலு கெடக்குது மொதலாளி. ட்ரெய்லர் செஞ்சு ஏத்தணும்னீகளே, அந்தப் போட்டு எங்குட்டு இருக்கு?"

அந்த வீடு, மலேயாவுக்குப் போய்த் திரும்பாத ஒரு குடும்பத்துடையது. நெல் வயலும் வேர்க்கடலைக் காடும் கொடுத்த பணத்தில் குழந்தைவேலு அதை வாங்கினார். வாசல் வளைவில் இருந்த அந்தக் குடும்பத்தின் விலாசப் பெயரின் மேல் சிமெண்டைப் பூசித் தன் பெயரை எழுதியிருந்தார். மழை பெய்தால் பழைய எழுத்து மெல்ல எட்டிப்பார்க்கும். குழந்தைவேலுவுக்கு மழைக்காலம் பிடிக்காது.

இரண்டாம் கட்டு முற்றத்தில் படகு கவிழாமல் முட்டுக் கொடுத்து நின்றது. வெள்ளை உடம்பு, நீலக்கோடு. ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரின் சாமான்களை மதுரையில் ஏலம் விட்டபோது எடுத்தது. கூடவே கப்பல் தலைவர் போடுவது மாதிரி ஒரு வெள்ளைத் தொப்பியும் வந்தது. படகை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாத நாட்களில் அவர் தொப்பியை மட்டும் போட்டுக்கொண்டு களத்துமேட்டுக்குப் போய் வந்தார்.

இப்போது படகுக்கு வேலை வந்துவிட்டது. மதுரையில் ஒரு கல்யாணப் பந்தியில் மேற்கத்தி ஜமீன்தார் ஒருவரின் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தது. கோடைக்கானலில் பங்களா, கல்யாண வயதில் ஒரு பையன். குழந்தைவேலுவுக்குக் கல்யாண வயதில் நாச்சியார் என்று ஒரு பெண். பாயசம் வருவதற்குள் அவர் வாய் தவறிவிட்டது.

"எங்க போட்டுக்கு உங்க கோடைக்கானல் ஏரி பத்துமான்னுதான் யோசன."

ஜமீன்தார் இலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "கொண்டாங்களேன், பாப்போம். வைகாசி மொத வெள்ளி சாயங்காலம். அன்னைக்கே பொண்ணு விசயத்தையும் பேசிருவோம்."

படகு போனால் சம்பந்தம். போகாவிட்டால் குழந்தைவேலு வெறும் வேர்க்கடலைக்காரர். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் அந்தப் படகு தண்ணீரைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. போன கார்த்திகையில் ஊருணி நிறைந்து கிடந்தபோது ஆட்களை வைத்துத் தூக்கிக்கொண்டு போய் அதில் இறக்கினார். ஊரே குடிக்கிற தண்ணீர். யாரும் அதில் கால்கூட நனைக்க மாட்டார்கள். ஆனால் ஊரில் பாதிப் பேர் உழுதது அவர் நிலத்தை. எதிர்த்துப் பேச ஆளில்லை. சிவகங்கையிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள், படம் எடுக்கிறவரும் வந்திருந்தார். தொப்பியோடு குழந்தைவேலு மூக்குப் பக்கம் உட்கார்ந்ததும் மூக்கு தண்ணீருக்குள் போய் வால் வானத்தைப் பார்த்தது. கரையில் யாரோ சிரித்தார்கள். மாடு மேய்க்கும் சின்னக்கருப்பைக் கூப்பிட்டு வாலில் ஏறச் சொன்னார்.

"எனக்கு நீச்சல் தெரியாதுங்கய்யா."

"எடைக்கு உக்காரத்தானடா சொல்றேன். நெல்லு மூட்டைக்கு நீச்சல் தெரியுமா?"

விருந்தாளிகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பிடித்துப்போய் அதையே இன்னொரு தடவையும் சொன்னார். ஊருணி நடுவில், படத்தில் உயரமாக விழ வேண்டுமென்று எழுந்து நின்றார். படகு ஆடியது. பின்னால் ஒரு சத்தம். திரும்பிப் பார்க்காமலே கரையைப் பார்த்து, "எடுத்தாச்சா?" என்று கேட்டார்.

மறுநாள் அல்லி இலைகளுக்கு நடுவில் சின்னக்கருப்பு மிதந்தான். தண்ணீர் தீட்டாகிவிட்டதே என்று ஊர் அழுதது. படம் மட்டும் அருமையாக வந்திருந்தது. வால் பக்கத்தை வெட்டிவிட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டினார். சின்னக்கருப்பின் பெண்டாட்டி அன்னக்கிளிக்குத் தினமும் படகைத் துடைக்கும் வேலையைக் கொடுத்தார். அதைத் தன்னுடைய தர்மகாரியங்களில் ஒன்றாக வருகிறவர்களிடம் சொல்வார்.

*

அல்லாபிச்சை வேலையைவிட வாயை அதிகம் பயன்படுத்தும் மனிதர். அச்சின் மேல் இரும்புச் சட்டம் அடித்து, லாரியின் வில்பட்டைகளை வெட்டிப் பொருத்தி, பேரிங்கில் கிரீஸ் அடைத்து, படகு உட்காரும் கட்டைகளுக்குச் சாக்குத் துணி சுற்றி முடிக்கும்வரை, ட்ரெய்லரின் பின்னால் "அல்லாபிச்சை, காரைக்குடி" என்று எழுத வேண்டுமென்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். குழந்தைவேலு தன் பெயரைத் தவிர வேறு பெயர் வரக் கூடாதென்றார். இருவரும் இதற்காகவே ஒரு பொழுது முழுவதும் பேசிக்கொள்ளவில்லை.

படகை ஏற்றிக் கட்டினார்கள். அல்லாபிச்சை ட்ரெய்லரின் மூக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"பாருங்க மொதலாளி, மூக்குல ஒரு மூட்டை பாரம் நிக்கணும். நின்னாத்தான் ஜீப்போட கொக்கியில அடங்கிப் போகும். வாலு கனத்துச்சுன்னா மூக்கு துள்ளும், ஜீப்பையே தூக்கிரும். நம்மளது நிக்குது, தங்கம்!"

மறுநாள் காலையில் மூக்கு அந்தரத்தில் நின்றது. வால் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"என்னய்யா பாய், உம்ம தங்கம் இளிக்குது?"

அல்லாபிச்சை படகை முன்னால் நகர்த்திக் கட்டினார். சாயங்காலம் சரியாக நின்றது. அடுத்த காலையில் மறுபடியும் மூக்கு மேலே. அச்சையே கழற்றிப் பின்னுக்குத் தள்ளி மாட்டினார். மறுபடியும் அதே கதை. வாலுக்கு அடியில், கல்தரையில், சின்னதாகத் தண்ணீர் தேங்கியிருந்தது.

"தொடச்சா ஒழுங்காப் பிழிஞ்சு தொடைக்க வேணாமா?" என்று குழந்தைவேலு அன்னக்கிளியைச் சத்தம் போட்டார்.

"நான் காஞ்ச துணியிலதான் தொடைக்கிறேன் அய்யா," என்றாள் அவள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

அன்று உச்சிப்பொழுது. அல்லாபிச்சை சாப்பிடப் போயிருந்தார். வீட்டில் எல்லோரும் வெயிலுக்குப் பயந்து உள்ளே ஒடுங்கியிருந்தார்கள். தன் பெயர் எழுதிய பலகை எப்படி இருக்கிறதென்று பார்க்கக் குழந்தைவேலு முற்றத்துக்கு வந்தார். நிழலே இல்லாத வெளிச்சம். காக்கைகூடக் கத்தவில்லை.

பாசி வாடை அடித்தது.

வெயிலில் வெடித்துக் கிடக்கும் ஊருணியின் வாடை இல்லை அது. நிறைந்த ஊருணியின் அடிச்சேற்று வாடை.

அவர் கண்ணெதிரே ட்ரெய்லரின் வில்பட்டைகள் முனகின.

வால் கொஞ்சம் தாழ்ந்தது. நின்றது. ஒரு காலை உள்ளே வைத்து, மறு காலைத் தூக்கிப் போடும்போது தாழ்வதுபோல் இன்னும் தாழ்ந்தது.

மூக்கு மெல்ல மேலே எழுந்தது.

படகின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருந்த துளையிலிருந்து ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று.

குழந்தைவேலு ஓடவில்லை. பெரிய மனிதர்கள் ஓடுவதில்லை. கொஞ்சம் வேகமாக நடந்து கூடத்துக்குப் போனார். செருப்பு இரண்டும் முற்றத்திலேயே கிடந்தன.

*

இன்னொரு சிக்கலை அவர் மனைவி வீரலட்சுமி எடுத்து வைத்தாள். "இந்தா பாருங்க, வெள்ளிக்கெழம மேற்க சூலம். அன்னைக்கா கோடைக்கானலுக்குப் பொறப்படப் போறீக?"

"ஜமீன் வெள்ளிதான சொன்னாரு! தேதிய மாத்துங்கன்னு சொன்னா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாரு?"

"அப்பப் பரஸ்தானம் வைங்க. வியாழக்கெழம நல்ல நேரத்துல சாமானை வெளிய கொண்டுபோய் வச்சுட்டா, அன்னைக்கே பொறப்பட்டதாக் கணக்கு. வச்சுட்டுத் திரும்ப வீட்டுக்குள்ள மட்டும் கொண்டாரக் கூடாது."

துணிமூட்டையென்றால் பக்கத்து வீட்டில் வைக்கலாம். படகை வைக்க ஊரில் யார் வாசலும் கொள்ளாது. மேற்கே இடமிருந்தது ஊருணிக் கரையில் மட்டும்தான். குழந்தைவேலு யோசித்தார். யோசித்ததை வெளியே சொன்னால் பயந்ததாகிவிடும். வியாழக்கிழமை மேளம் வைத்தே கொண்டுபோனார். பயணம் போகிறவரின் துணி ஒன்று சாமானோடு இருக்க வேண்டுமென்பதால், தன் சரிகை அங்கவஸ்திரத்தை மடித்து மூக்குப் பலகையில் வைத்துவிட்டு வந்தார்.

வெள்ளி காலை போய்ப் பார்த்தபோது அது மூக்கில் இல்லை. வால் பலகையில், ஈரம் சொட்ட முறுக்கிப் பிழிந்து, உதறிக் காயப்போட்டிருந்தது. மாட்டைக் குளிப்பாட்டிவிட்டு வருகிற ஆள் தன் துண்டைப் போடுகிற மாதிரி.

ஊருணியில் ஒரு கைத் தண்ணீர்கூடக் கிடையாது.

அன்னக்கிளி கரையில் நின்றிருந்தாள். புறப்படும்போது தாலி அறுத்தவள் எதிரில் வரக் கூடாதென்று அவளைக் கொல்லைப்புறத்தை விட்டு வர வேண்டாமென்றுதான் சொல்லியிருந்தார். அதட்ட வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"இனிமே நான் தொடைக்க வேணாம்ல அய்யா? அதான் பொறப்பட்டுட்டாகளே."

குழந்தைவேலு வால் பலகையை ஒரு தடவை பார்த்துவிட்டு ஜீப் பக்கம் நடந்தார்.

ஜீப்பில் மாட்டப் பார்த்தார்கள். மூக்கு கொக்கியில் நிற்கவே இல்லை. மணல் மூட்டை வைத்தார்கள். வைத்த அளவுக்கு வாலும் கனத்தது. அல்லாபிச்சை மூட்டைகளை இறக்கிப் போட்டார். பிறகு மெதுவாக, "மூக்குல ஒரு ஆளு உக்காந்து பாப்பமா மொதலாளி?" என்றார்.

கூட்டத்தில் யாரும் அசையவில்லை. எல்லோரும் குழந்தைவேலுவையே பார்த்தார்கள். ஜீப்புக்குள்ளிருந்து நாச்சியார் பார்த்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. சம்பந்தம் பேசப் போகிற நாள்.

குழந்தைவேலு தொப்பியைப் போட்டுக்கொண்டு ஏறினார். உட்கார்ந்ததும் மூக்கு சாதுவாகக் கொக்கியில் அடங்கியது. வாகாக இருந்தது, யாரோ அளந்து வைத்தது மாதிரி. பிள்ளைகள் கைதட்டின. "டேய், கப்பலு போகுதுடா!" அந்தச் சத்தத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

சிங்கம்புணரி தாண்டியதும் பெருமை தீர்ந்தது.

பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். தண்ணீருக்குள்ளிருந்து விடுகிற மூச்சு.

அவர் திரும்பவில்லை.

வத்தலக்குண்டில் டீக்கடையோரம் ஜீப் நின்றதும் கீழே குதிக்கப் பார்த்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்த மாத்திரத்தில் மூக்கு துள்ளியது. கொக்கியோடு ஜீப்பின் பின்பக்கமும் எழும்பியது. உள்ளே வீரலட்சுமியும் நாச்சியாரும் அலறினார்கள். பொத்தென்று உட்கார்ந்தார்.

"இருங்க மொதலாளி, எந்திரிக்காதீக! மலையில எந்திரிச்சீகன்னா எல்லாரும் பள்ளத்துல!" என்று அல்லாபிச்சை கத்தினார்.

டீயைக் கையில் நீட்டினார்கள். மூட்டைக்குத் தீனி போடுகிற மாதிரி இருந்தது. கடையில் நின்றவர்கள் தொப்பியைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மலைப்பாதை. ஒருபக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. வளைவுக்கு வளைவு ட்ரெய்லர் பள்ளத்தின் விளிம்பை உரசித் திரும்பியது. குளிர் ஏறியது. அடக்க முடியாமல் வேட்டி நனைந்தது. அது மட்டும் கொஞ்சம் சூடாக இருந்தது. முதுகுக்குப் பின்னால், காதுக்குப் பக்கத்தில், மரியாதை குறையாத ஒரு குரல்.

"அசையாதீக அய்யா. படம் எடுக்குறாக."

*

ஏரிக்கரையில் ஜமீன்தார் பட்டாளத்தோடு காத்திருந்தார். பக்கத்தில் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு சீமை நாய். "பலே! போட்டுலயே உக்காந்து வந்துட்டீகளே. இதுல்ல கம்பீரம்!" என்றார். குழந்தைவேலு நனைந்த வேட்டியைக் கையால் மறைத்துக்கொண்டு இறங்கினார்.

மூக்கு துள்ளவில்லை.

அல்லாபிச்சை தூக்கிப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தடவை தூக்கினார். "மொதலாளி... வாலு பாரம் போயிருச்சு! நம்ம கணக்கு சரிதான், நாந்தான் அப்பவே சொன்னேனே!"

குழந்தைவேலுவுக்கு அழுகை வந்தது. வால் பலகையைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. வாடையும் இல்லை. யூகலிப்டஸ் இலை மணந்தது. போய்விட்டான். எங்கேயோ வழியில் இறங்கிவிட்டான்.

படகு ஏரியில் இறங்கியது. ஜமீன்தார் வந்து மூக்கில் உட்கார்ந்தார், நாயையும் தூக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நடுவில் துடுப்புக்காரன். மூக்கு முங்கி வால் எழுந்தது. ஜமீன்தார் கரையைச் சுற்றிலும் பார்த்தார். அவர் ஆட்கள் வேறு திசையில் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"என்ன சம்பந்தி, சும்மாதான நிக்கிறீக? வாங்க, வாலுல உக்காருங்க. எடைக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தி என்று முதல் தடவையாகச் சொல்லிவிட்டார். வீரலட்சுமியின் கண், போங்க, போங்க என்றது. நாச்சியார் தலையைக் குனிந்திருந்தாள்.

"எனக்கு நீச்சல்..." என்று ஆரம்பித்தார் குழந்தைவேலு.

ஜமீன்தாரின் புருவம் கொஞ்சம் உயர்ந்தது.

குழந்தைவேலு சிரித்துக்கொண்டே ஏறி வாலில் உட்கார்ந்தார். படகு சமமாக நின்றது. கரை நகர்ந்து போனது. பனி இறங்கி முதலில் பங்களாக்களை விழுங்கியது, பிறகு கரையில் நின்றவர்களை. துடுப்புச் சத்தம் மட்டும்.

ஏரியின் நடுவில் நாய் திரும்பியது. அது குழந்தைவேலுவைப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் பார்த்தது.

பலகை மெல்ல அழுந்தியது. குழந்தைவேலுவின் தோளில் ஈரமாக ஒரு தோள் வந்து ஒட்டியது. எசமானுக்கு இடம் வேண்டுமென்று கொஞ்சம் தள்ளியும் உட்கார்ந்தது.

வால் தாழ்ந்தது. தண்ணீர் விளிம்பைத் தாண்டி அவர் மடியில் ஏறியது. கத்த வாயைத் திறந்தார். வாய் நிறையப் பாசி வாடை.

மூக்கில் உட்கார்ந்திருந்த ஜமீன்தார் திரும்பாமலே சலித்துக்கொண்டார்.

"ஒரு ஆளு போதும்னுதானய்யா சொன்னேன். ரெண்டாவதா யாரு ஏறுனது?"