மலரக்காவின் கல்யாண வீடியோ

மேளம் கேட்டது, படம்தான் வரவில்லை.

யசோதினி மீன் கழுவிய கையோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கணினியின் கறுத்த திரைக்கு முன்னால் திவாகரன் கண்ணை மூடிக்கொண்டு இருந்தான். மாரி மழை வாவிப் பக்கமிருந்து சரிந்து அடித்தது; ஓட்டில் விழும் சத்தம், வேலிக்கு அப்பால் தவளைகளின் சத்தம், அவற்றுக்கு நடுவே ஆறு வருடத்துக்கு முந்திய நாதஸ்வரம். பெண்களின் குரவை எழும்பி அடங்கியது. பிறகு மலரக்கா சிரித்தாள். திவாகரன் கையை நீட்டி, வீடியோவைப் பின்னுக்கு இழுத்து, அந்தச் சிரிப்பை மறுபடியும் போட்டான்.

மலரக்கா யசோதினியின் கூடப்பிறந்த அக்கா. திவாகரனின் முதல் மனைவியும் அவள்தான். டெங்குக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. குருக்கள்மடத்து இந்த வீடு அவளுக்குச் சீதனமாகக் கட்டியது. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியேறுகிறவன். பெண் செத்துப்போனால் என்ன செய்வது? அம்மா ஊர் வழக்கப்படி யோசித்து, தங்கச்சியை அதே மருமகனுக்குக் கட்டி வைத்தாள். வீடும் நின்றது, மருமகனும் நின்றான். யசோதினிக்குக் கிடைத்ததெல்லாம் அக்கா புழங்கிய சட்டி, அக்கா புழங்கிய அலுமாரி, அக்கா புழங்கிய புருசன். வயிற்றில் இருக்கும் நாலு மாதப் பிள்ளை ஒன்றுதான் அவளுக்கே அவளுக்கானது. அக்காவுக்குப் பிள்ளை கிடைக்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு சந்தோசம் வரும். வெட்கங்கெட்ட சந்தோசம்தான், ஆனாலும் வரும்.

உயிரோடு இருக்கிற சக்களத்தியென்றால் சண்டை பிடிக்கலாம், கொண்டையைப் பிடித்து இழுக்கலாம். செத்தவளை என்ன செய்வது? அவளுக்கு வயது போவதில்லை, அவள் கறியில் உப்புக் கூடிப்போவதும் இல்லை.

கணினியில் வீடியோ ஓட்டும் பிளேயர் தானாகவே புதிய பதிப்புக்கு மாறியதிலிருந்துதான் வீடியோவில் படம் வராமல் போனது. அதைச் சரிசெய்யத் திவாகரனுக்குத் தெரியவில்லை. வெறும் குரலைக் கேட்டுக் கேட்டு, இந்த மனுசன் அக்காவை இல்லாத வடிவெல்லாம் வடிவாக்குகிறான் என்று யசோதினிக்குப் பட்டது. படம் வந்தால் அக்காவின் தெற்றுப்பல் தெரியும். பக்கத்தில் தோழியாக நிற்கிற யசோதினியும் தெரிவாள். பொம்பிளையைவிடத் தோழிதான் வடிவு என்று அன்றைக்குச் சனம் கதைத்ததை அவள் இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் திவாகரன் கல்முனைக்கு வேலைக்குப் போனதும், களுவாஞ்சிக்குடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் உதயரூபனுக்கு அழைத்தாள். கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவன் அவன்தான். விசயத்தைக் கேட்டுவிட்டு, பழைய பிளேயரைப் போனுக்கே அனுப்பி வைத்தான்.

"புதுச முழுசாக் கழட்டிப்போட்டு இதப் போடுங்க, தங்கச்சி. புதுசுக்கு மாத்தவா எண்டு பிறகு பிறகு கேக்கும். வேணாமெண்டு குடுத்துருங்க."

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதையாக, அவளே கழற்றி அவளே போட்டாள். வீடியோ தொடக்கத்திலிருந்து ஓடவில்லை. சிரிப்பு வரும் இடத்தில்தான் திறந்துகொண்டது. குங்குமச் சிவப்புப் பட்டில் மலரக்கா. தெற்றுப்பல் தெரியத்தான் செய்தது. அது அக்காவுக்கு இன்னும் வடிவாக இருந்தது. தோழியின் ஒரு தோள் மட்டும் திரையின் ஓரத்தில் வந்து போனது. படத்தில் மாப்பிள்ளையாக இருந்த திவாகரனின் கண் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. யசோதினிக்கு வயிறெரிந்தது.

பின்னேரம் நனைந்தபடி வந்த திவாகரன், திரையில் படத்தைக் கண்டதும் தலையைக்கூடத் துவட்டாமல் நின்றான். தான்தான் சரிசெய்ததாக யசோதினி சொன்னாள். அவன் திரையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

"நல்ல வேல செஞ்சீங்க, மச்சாள்."

அக்கா இருந்த காலத்தில், மனைவியின் தங்கச்சி என்ற முறையில் அவளை அப்படித்தான் கூப்பிடுவான். கட்டிய நாளிலிருந்து யசோ என்றுதான் கூப்பிட்டு வந்தான். வாய் தவறியிருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, அன்றிரவு சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

அடுத்த நாள் பக்கத்து வளவில் கருவாடு பொரித்தார்கள். அந்த மணம் வந்தால் கிணற்றடிக்கு ஓடி வாந்தி எடுக்கிறவளுக்கு, அன்றைக்குப் பசித்தது. ரசித்துச் சாப்பிட்டாள். எழும்பும்போது பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. நாடாவை இழுத்துக் கட்டினாள். பழைய முடிச்சுத் தடத்தில் முடிச்சு விழுந்தது, கர்ப்பத்துக்கு முந்திய தடத்தில். கை அங்கேயே கொஞ்சநேரம் நின்றது.

வெளிச்சம் மங்கத் தொடங்கிய நேரம், கூடத்தில் மேளம் கேட்டது. அவள் கணினியைப் போடவில்லை. கதிரையில் உட்கார்ந்தவள் உடனே எழும்பினாள். கதிரை சுட்டது. மவுஸைத் தொட்டாள், அதுவும் சுட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்காவின் உள்ளங்கை கடைசியாக இப்படித்தான் கொதித்தது. அறைக்கு ஓடி அலுமாரியைத் திறந்தாள். எப்போதோ தானம் கொடுத்துவிட்ட அக்காவின் சேலைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. அவளுடைய உடுப்பெல்லாம் பக்கத்துச் சின்ன அறையில், முன்பு விருந்துக்கு வந்தால் அவள் படுக்கும் பாயின் மேல் இருந்தன. பெரிய கட்டிலில் திவாகரனின் தலையணைக்குப் பக்கத்தில் வேறொரு தலையணை. அதில் ஈரத் தலைமயிரின் மணம்.

திரும்பக் கணினிக்கு வந்தாள். பழசைக் கழற்றினாள். புதியதைப் போட்டாள். பச்சைக் கோடு மெல்ல மெல்ல ஊர்ந்து முடிந்தது. திறந்தாள்.

பழசுதான் திறந்தது.

புதிய பதிப்பு இருக்கிறது, மாற்றவா என்று கேட்டது. மாற்றச் சொல்லி அழுத்தினாள், ஓம். மறுபடியும் கேட்டது. ஓம். மூன்றாம் முறை அவள் மவுஸைத் தொடவில்லை. அம்புக்குறி தானாக நகர்ந்தது. வேண்டாம் என்ற இடத்தில் போய் நின்றது. அழுத்தியது.

திரையில் மணவறை. மாப்பிள்ளை. பக்கத்தில் பொம்பிளையின் இடம் வெறுமை. திவாகரன் படத்துக்கு வெளியே யாரையோ பார்த்துச் சிரிக்கிறான்.

கை தாலியைத் தேடியது. கழுத்தில் ஒன்றும் இல்லை.

முற்றத்துக்கு ஓடினாள். மழை. கேற்றடியில் மோட்டார் சைக்கிளின் வெளிச்சம். திவாகரன். அவள் கூப்பிட்டாள். மழைச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லைபோலும், தலையில் பையைப் பிடித்தபடி அவளைத் தாண்டிப் போனான். படியில் செருப்பைக் கழற்றினான். உள்ளே பார்த்து, "மலர், துவாய எடுங்க," என்றான்.

கதவு சாத்திக்கொண்டது.

அவள் தட்டினாள். தன் வீட்டுக் கதவை. இரண்டு கையாலும்.

கதவைத் திறந்தது மலரக்கா. கையில் வெற்றிலை அடுக்கிய வட்டா, வந்த விருந்தாளிக்கு நீட்டுவதுபோல. முகத்தில் பழைய அன்பு, அதற்குப் பின்னால் கண் மட்டும் அசையாமல். மற்றக் கையால் வயிற்றைத் தாங்கிப் பிடித்திருந்தாள். நிறைமாத வயிறு.

"வா கா, தங்கச்சி. ஏன் மழைக்குள்ள நிக்கிற?"

யசோதினி தன் வயிற்றைத் தொட்டாள். ஒட்டிக் கிடந்தது. அக்கா வட்டாவைத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்து எடுத்தாள். தன் சேலைக்கு மேல் வைத்து அழுத்தினாள்.

"இந்தா பாரு, எப்பிடி உதைக்கான் எண்டு."

பிள்ளை உதைத்தது. தாயின் கையை அடையாளம் கண்டதுபோல, மறுபடியும், மறுபடியும் உதைத்தது.