ஜிஜின் தாளம் தப்பமாட்டான்

நேசமணி உபதேசியார் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. ரப்பர் மரங்கள் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. பாறசாலையில் இருந்து ஆட்டோ பிடித்து வந்தவர், ரோட்டிலேயே இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார். வழக்கமாக அவர் வருவது நாலு வீட்டுக்கு முன்னாலேயே கேட்டுவிடும். குரல் அப்படி. சபையில் மைக் கெட்டுப்போனால் யாரும் அலட்டிக்கொள்ள மாட்டார்கள். அன்று மட்டும் மனிதர் இருமல்கூட இல்லாமல் முற்றத்தில் வந்து நின்றார்.

"வந்தாச்சா உபதேசியாரே?" வாசலில் நின்ற ஷிஜி கேட்டாள்.

"வராம இருப்பனா மக்கா." அவர் அவள் தோளுக்கு மேலே, உள்ளே நடு அறைக் கதவை எட்டிப் பார்த்தார். "அந்த முறி பூட்டித்தானே இருக்கு?"

"பூட்டித்தான் இருக்கு."

"சாவி?"

"எனக்கக் கையில உண்டு." கையில் இல்லை. கழுத்துச் செயினில், தாலி மின்னுக்குப் பக்கத்தில் கோத்துப் போட்டிருந்தாள். குளிக்கும்போதும் கழற்றுவதில்லை.

பேய் வீடு என்றால் கூரை சரிந்து, பாம்புப் புற்று வளர்ந்து கிடக்க வேண்டும் என்று நமக்கு ஒரு நினைப்பு. இது அப்படியில்லை. டைல்ஸ் போட்ட பழைய ஓட்டு வீடு. முற்றத்தில் ஸ்கூட்டர் நிற்கும். மஸ்கட்டில் இருந்து ஷிஜியின் கணவன் தினமும் வீடியோவில் வந்து சாப்பிட்டாயா என்று கேட்பான். ஷிஜி அமரவிளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அம்மா ரத்னபாயும் அவளும் மட்டும் இருக்கிறார்கள். மிஷன் காலத்துக் குடும்பம். மூன்று தலைமுறையாக அந்தி ஜெபம் முடங்காத வீடு என்று சபையில் பெருமையாகச் சொல்வார்கள். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றுகூட விளக்கு வைத்ததும் பாட்டுக் கேட்டது.

இப்போது அந்த வீட்டில் பாட்டுக் கேட்டு ஒரு மாதமாகிறது.

பாடினால், நடு அறையில் இருந்து யாரோ தட்டுகிறார்கள்.

வெளியே இருந்து பூட்டிய அறை. ஜன்னலும் சாத்தியிருக்கிறது. முதல்நாள், ராத்திரி ஓட்டில் ஏறி ஓடும் மரப்பட்டி என்றார்கள். அடுத்தநாள் கதவு மழையில் ஊதிப்போனதாகச் சொன்னார்கள். மரப்பட்டி உள்ளங்கையால் தட்டாது.

அது ஜிஜினின் அறை.

ஜிஜின் ஷிஜியின் தம்பி. வயரிங் வேலைக்குப் போவான். ஞாயிற்றுக்கிழமை சபையில் அக்கா பாட, அவன் டோலக் வாசிப்பான். கை அவ்வளவு சுத்தம். மற்ற நாட்களில் கை நடுங்கும், ஏனென்றால் மற்ற நாட்களில் குடிப்பான். ஏணியில் இருந்து விழுந்து பிழைத்த அன்று அவனாகவே அக்காவிடம் வந்து அழுதான். "என்னைப் பூட்டிப் போடு அக்கா. நான் கேட்டாலும் தொறக்காத."

உபதேசியார் உபவாச ஜெபத்துக்கு ஏற்பாடு செய்தார். ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். "உள்ள இருந்து என்ன கேட்டாலும் அது அவன் கேக்கல்ல. அவனைப் பிடிச்சிருக்க கெட்ட சாதனமாக்கும் கேக்குது. மனசு இளகிராத."

ஊரில் யாருக்கும் இது தப்பாகப் படவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் குடிகாரன் என்று பெயர் விழும். ஜெபத்தில் உட்கார வைத்தால் நாளைக்குச் சபையில் எழுந்து சாட்சி சொல்வான். இரண்டில் எது குடும்பத்துக்கு அழகு என்று எல்லாருக்கும் தெரியும். அம்மா இருந்தால் மனம் தாங்காமல் திறந்துவிடுவாள் என்று, அவளைக் கோட்டுகாலில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவைத்ததும் ஷிஜிதான்.

இரண்டாம் நாள் பகலில், பக்கத்து வீட்டுப் பிரேமகுமாரி வேலிக்கு அந்தப்பக்கம் இருந்து கூப்பிட்டாள். "மோளே, ஜிஜின் ஜன்னல்ல நின்னு குடிக்க வெள்ளம் கேக்குதான். தொண்ட அடச்சிப் பெயிட்டு பாவத்துக்கு."

"உபவாசமாக்கும் சேச்சி," என்று சொல்லிவிட்டு ஷிஜி வெளியே இருந்து ஜன்னலைச் சாத்தினாள்.

அன்று அந்தியில் வீடு நிறைய ஆட்கள். பாட்டு ஏறும்போது உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டது. உபதேசியாருக்கு முகம் மலர்ந்துபோயிற்று. "கேட்டியளா! பாட்டுக்கு ஒப்பம் தாளம் தட்டுதான்! பிள்ளைக்கு விடுதலை வருது! பாடு மக்கா, நிறுத்தாத!" பெண்கள் அழுதார்கள். எல்லாரும் குரலை உயர்த்தினார்கள்.

ஜிஜின் தாளம் தப்பமாட்டான். காய்ச்சலில் கிடந்தாலும் தப்பமாட்டான். அந்தத் தட்டோ தாளத்தில் விழவே இல்லை. வலிப்பில் தூக்கிப் போட்டு இழுக்கிற கை கதவில் அடிபடுகிற சத்தம் அது. அந்தக் கூட்டத்தில் ஷிஜி ஒருத்திக்குத்தான் அது தெரிந்தது.

தெரிந்தும் அடுத்த பாட்டை எடுத்தாள்.

ஏன் என்று தன்னையே நூறு தடவை கேட்டிருக்கிறாள். தம்பி திறக்காதே என்றானே. உபதேசியார் சொன்னாரே. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்களே. எல்லாம் சரிதான். அதற்கெல்லாம் அடியில் வேறொன்று இருந்தது. இவனால் ரோட்டில் தலைகுனிந்து நடந்தது போதாதா, கொஞ்சம் தட்டட்டுமே என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு பாட்டு நேரம் தோன்றியது. அந்தப் பாட்டு முடிவதற்கு முன்பே தட்டுவது நின்றுவிட்டது.

மாரடைப்பு என்றார்கள். ஜெபத்தில் இருக்கும்போதே போனான், புண்ணியவான் என்று அம்மாவிடம் சொன்னார்கள். ரத்னபாய் அதை நம்பினாள். இன்றுவரை நம்புகிறாள். தட்டுகிற சத்தத்துக்கு அவள் பயப்படவும் இல்லை. "அவன் வந்து நிக்குதான் மோளே, தொறந்து விடு," என்று சாவிக்குக் கை நீட்டுவாள். ஷிஜி கையை விலக்கிவிடுவாள். கதவைத் திறந்தால் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்று பயந்தாள். பேய்க்கு அவ்வளவு பயப்படவில்லை.

உபதேசியார் ஹாலில் பாயில் உட்கார்ந்தார். பக்கத்தில் அம்மா. பிரேமகுமாரி வாசற்படியோடு நின்றுகொண்டாள், உள்ளே வரவில்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. மழைக்குக் கரண்ட் போயிருந்தது. பின்பக்கம் புகைப்புரையில் உலரத் தொங்கும் ரப்பர் ஷீட்டின் புளித்த நாற்றம் வீடு முழுக்க நின்றது.

"இன்னைக்கு இதை அதட்டி வெளிய அனுப்பணும்," என்றார் உபதேசியார். சொல்லும்போது அவர் கதவைப் பார்க்கவில்லை. "பாட்டைத் தொடங்கு மக்கா."

ஷிஜி தொடங்கினாள். முதல் அடி முடிந்தது.

ஒன்றும் இல்லை.

இரண்டாவது அடி.

தட்டு.

பாயில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தரை வழியாகவே அது வந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் இல்லை. அப்புறம் மூன்று நான்கு சேர்ந்து வந்தன. தாளத்துக்கு முன்னாலும் பின்னாலும் சிதறி விழுந்தன.

"சத்தமாட்டுப் பாடு," என்றார் உபதேசியார்.

கதவின் கீழ்ப்பக்கத்தில் இருந்து வந்தது இப்போது. நிற்க முடியாதவன் உட்கார்ந்துவிட்டதுபோல.

ரப்பர் ஷீட்டின் நாற்றத்துக்குள் வேறொரு நாற்றம் கலந்தது. வியர்வை. பழைய பிராந்தி.

பூட்டு ஆடியது.

"பாடு மக்கா, நிறுத்தாத!"

ஷிஜி நிறுத்தினாள்.

உபதேசியார் தனியாகக் கொஞ்ச தூரம் பாடிப் பார்த்தார். அந்தப் பெரிய குரல் பாதி அடியில் உடைந்தது. "மக்கா," என்றார் அவள் பக்கம் சாய்ந்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில், "எனக்கு உறக்கம் கெடையாது. கண்ண மூடினா அந்தத் தட்டுதான். நானில்லியா நிறுத்தாத எண்ணு சென்னேன். நாம ரெண்டு பேரும் இதைப் பாடியே அமுக்கணும்."

அமுக்கணும். அந்தச் சொல் அவளுக்கு உறைத்தது. விரட்டுவதற்கு அவர் வரவில்லை, அமுக்குவதற்கு வந்திருக்கிறார். ஒரு மாதமாக அவளும் செய்வது அதைத்தான்.

சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் கேட்ட கதை நினைவுக்கு வந்தது. பயந்துபோன சீஷர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்க, இறந்து எழுந்தவர் காயங்களோடு அவர்கள் நடுவில் வந்து நின்ற கதை. வகுப்பில் அவளே எத்தனையோ முறை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறாள். அங்கே பயந்தவர்கள் கதவுக்கு உள்ளே இருந்தார்கள். இங்கே வெளியே உட்கார்ந்திருக்கிறோம். காயம்பட்டவன் உள்ளே இருக்கிறான். நாம் வெளியே பாடிக்கொண்டிருக்கிறோம்.

ஆண்டவர் இப்போது எந்தப் பக்கம் நிற்பார் என்று அவள் யோசித்தாள். யோசிக்க ஒன்றுமில்லை, தெரிந்த விஷயம்தான். உள்ளே நிற்பார். அன்றைக்கும் உள்ளேதான் நின்றிருப்பார்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து வந்தாள். இத்தனை வருஷமாக எல்லாருக்காகவும் ஜெபம் ஏறெடுத்தவளுக்கு இப்போது நல்ல வார்த்தை ஒன்றும் வரவில்லை.

"ஏசுவே, எனக்கு பயமாட்டு இருக்கு. நான் ஒத்தைக்குப் போவமாட்டேன். நீரு கூட வாரும்."

"வேண்டாம் மக்கா!" உபதேசியார் பாயில் பின்னுக்கு நகர்ந்தார். பிரேமகுமாரி படியில் இருந்து ஒரு அடி உள்ளே வந்தாள்.

ஷிஜி செம்போடு கதவுக்கு நடந்தாள். செயினோடு குனிந்து சாவியைப் பூட்டில் விட்டாள். முகத்துக்கு நேரே, பலகைக்கு அந்தப்பக்கம், உள்ளங்கை அடித்தது. அவள் விலகவில்லை.

திறந்தாள்.

தட்டுவது நின்றது.

உள்ளே இருட்டு. சுவரோரம் கட்டில், சுருட்டிய மெத்தை, மூலையில் உறைபோட்ட டோலக். யாரும் இல்லை. குளிர்ந்த காற்று ஒன்று அவள் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு நின்றது. அவள் தரையில் மண்டியிட்டு, செம்பைக் கதவோரம் வைத்தாள்.

"நீ தட்டினது எனக்குக் கேட்டுது மக்கா," என்றாள். "தாளமில்லை எண்ணு எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சிட்டுத்தான் பாடினேன். வெள்ளம் கேட்டதும் தெரியும். ஜன்னல நானாக்கும் அடச்சேன்."

பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள். ஷிஜி திரும்பினாள். அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

"கேட்டுதா?" என்றாள் ரத்னபாய். "அவன் தட்டினது உனக்குக் கேட்டுதா?"

"கேட்டுது அம்மா."

"வெள்ளம் கேட்டானா?"

"கேட்டான்."

அம்மா பிரேமகுமாரியைப் பார்த்தாள். பிரேமகுமாரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தலையசைத்தாள். அடுத்து அம்மா உபதேசியாரைப் பார்த்தாள். அவர் தலைகுனிந்துகொண்டார். அப்புறம் ரத்னபாய் மெதுவாக நடந்து வந்து, மண்டியிட்டிருந்த மகளைத் தாண்டி, அறைக்குள் போனாள்.

"அம்மா..."

"நீ வெளிய நில்லு."

ஷிஜி எழுந்து வெளியே வந்தாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

உபதேசியார் குடையை மறந்துவிட்டுப் போனார். பிரேமகுமாரி கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்துவிட்டு, "வாறேன் மோளே," என்று எழுந்து போனாள். ஷிஜி கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். பயம் போய்விட்டது, ஆச்சரியமாக இருந்தது. அது போன இடத்தில், மறைக்க ஒன்றும் இல்லாத வெறும் துக்கம் மட்டும் இருந்தது. அம்மா மன்னிப்பாளா என்று அவளுக்குத் தெரியாது. மன்னிக்கச் சொல்லிக் கேட்கிற உரிமை இருக்கிறதா என்பதும் தெரியாது. அம்மா திறக்கும்வரை இங்கேயே இருப்பது என்று மட்டும் முடிவு செய்தாள். நாளானாலும் சரி.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அம்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு, ஒரு மாதத்துக்கு அப்புறம், அந்த வீட்டின் அந்தி ஜெபம் தொடங்கியது. அம்மா தனியாகப் பாடினாள். வயதான, ஓட்டை விழுந்த குரல். அழுகை வரும் இடங்களில் நின்று நின்று பாடினாள். யாரும் தட்டவில்லை.

ஷிஜி கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள். சேர்ந்து பாட வாய் எடுத்தாள், பாடவில்லை. கூப்பிடவும் இல்லை. கண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது.

நெற்றிக்கு நேரே, பலகைக்கு அந்தப்பக்கம், யாரோ மெல்லக் கை வைத்ததை உணர்ந்தாள்.

அம்மாவின் பாட்டு அறையின் அந்தக் கோடியில், கட்டிலில் இருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஒரு சொல்லும் தடைப்படவில்லை.

தாழ்ப்பாள் மெதுவாக விலகியது.