பெருமுக்கல் வீட்டுப் பித்தளைக் கிளி

"காமிராவப் பிடுங்கிக்கினு போயிட்டாரு சார். கிளியக் குடுத்தாதான் காமிராவாம். நான் எந்தக் கிளியக் குடுப்பேன்?"

சொல்லி முடிப்பதற்குள் அம்சாவுக்கு மூச்சு வாங்கியது. திண்டிவனத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, விழுப்புரம் ரயிலடிக்குப் பின்னால் இருந்த தேவசகாயத்தின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்திருந்தாள்.

தேவசகாயம், ரயில்வேயில் காணாமற்போன பார்சல்களைத் தேடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆனாலும் ஊரார் தொலைத்ததையெல்லாம் அவரிடமே வந்து சொன்னார்கள். பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த விருத்தாசலம், யாராவது பதறிக்கொண்டு அந்த வாசலில் நுழைந்தால் கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்துவிடுவார். அன்றும் கையில் கிரீஸோடு வந்து நின்றார்.

"உக்காரும்மா. முதல்லேருந்து சொல்லு," என்றார் தேவசகாயம்.

அம்சா திண்டிவனத்தில் போட்டோ ஸ்டுடியோ நடத்துபவள். பக்கத்து ஊரான பெருமுக்கல்லில் இருக்கும் சீனுவாசன் தம் வீட்டைப் பாண்டிச்சேரிக்காரர் ஒருவருக்கு விற்க இருந்தார். அந்த மனிதரின் மனைவிக்குக் காட்டத் தெருக்கதவைப் படம் எடுக்கச் சொல்லியிருந்தார். கதவுக்குக் கைப்பிடி ஒரு பித்தளைக் கிளி. முந்தாநாள் காலை அம்சா படம் எடுத்துவிட்டுத் திரும்பினாள். சீனுவாசன் அன்று முழுவதும் வாங்குபவரோடு விழுப்புரத்தில் இருந்தார். மாலையில் வீடு திரும்பினால், கிளி இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. கதவருகே கடைசியாக நின்றவள் அம்சாதான் என்று, நேற்று ஸ்டுடியோவுக்கே வந்து காமிராவைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

"அந்தப் பாண்டிச்சேரிக்காரன்தான் அண்ணே! கிளி மேல அவனுக்கு ஒரு கண்ணு," என்றார் விருத்தாசலம்.

"கண்ணு பெருமுக்கல்ல, ஆளு விழுப்புரத்துலயா?" என்று சிரித்த தேவசகாயம், அம்சா கழுவிக் கொண்டுவந்திருந்த படங்களை வாங்கினார். "முழுக் கதவ எடுக்கலையாம்மா?"

"அதுவும் எடுத்தேன் சார். ஆனா அது வெறும் கதவு. கை படற எடம், தலை சாயற எடம், அத மட்டும் கிட்டப் போய் எடுத்தாத்தான் அங்க யாரு வாழ்ந்தாங்கன்னு தெரியும். வெயில் பக்கவாட்டுல விழற வரைக்கும் காத்துக்கினு இருந்தேன்."

ஒரு படத்தில் கிளி மட்டும். மரத்தின் ரேகை, பித்தளையின் கீறல், பூச்சி துளைத்த புள்ளி எல்லாம் தெளிவாக இருந்தன. இன்னொன்றில் நிலைக்கால்; ஒரு பெண் நின்றால் தலை படும் உயரத்தில் எண்ணெய்க் கறை படிந்து மரம் மினுங்கியது. தேவசகாயம் இரண்டையும் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப வீட்ல யாரு இருந்தாங்க?"

"அவரு சம்சாரம் மட்டுந்தான் சார். உள்ள தாழ்ப்பாள் போட்டிருந்தாங்க. தண்ணி கேட்டேன், சன்னல் கம்பி வழியா டம்ளர நீட்டினாங்க. நான் கெளம்பற வரைக்கும் கதவத் தொறக்கவே இல்ல."

"வா, போவலாம். ஜல்தி!" என்று விருத்தாசலம் முன்னால் நடந்தார்.

பெருமுக்கல்லில் சீனுவாசன் வாசலிலேயே நின்றிருந்தார். "கிளி வந்துச்சா?" என்பதுதான் அவர் முதல் பேச்சு. பின்னால் வந்த அவர் மனைவி கிருஷ்ணவேணி, எல்லோருக்கும் மோர் கொடுத்தாள்.

"அருமையான வேலைப்பாடு போலிருக்குங்களே," என்றார் தேவசகாயம்.

"வேற எங்க கெடைக்கும் அது மாதிரி? மரத்த ஒட்டின பக்கத்துல கூட சின்னதா தாமரை வெட்டியிருக்கும்," என்றாள் கிருஷ்ணவேணி.

தேவசகாயம் சீனுவாசனிடம் திரும்பினார். "கிளிய எப்பவாவது கழட்டியிருக்கீங்களா?"

"எங்கப்பாவோட அப்பா காலத்துல மாட்டினது. ஒருத்தரும் கழட்டினதில்ல. தாமரையெல்லாம் எனக்கே தெரியாது."

"உங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு."

விருத்தாசலத்தின் மோர் பாதியில் நின்றது. தேவசகாயம் முதல் படத்தை நீட்டினார். "பூச்சி துளைச்சது கூடத் தெரியற படம் இது. எங்கயாவது ஸ்குரு தெரியுதா? இல்ல. கிளியப் பிடிச்சிக்கினு இருந்த நட்டு உள்பக்கம் இருக்கு. வெளியில நின்ன இந்தப் பொண்ணால அத எப்படிக் கழட்ட முடியும்? மரத்த ஒட்டின தாமரையப் பார்க்கணும்னாலும் கிளியக் கழட்டித்தான் ஆவணும். அன்னிக்கு உள்ள இருந்தது அம்மா ஒருத்தர்தான்."

"இவ எதுக்குங்க எடுக்கப் போறா?" என்று சீனுவாசன் மனைவியைப் பார்த்தார்.

தேவசகாயம் இரண்டாவது படத்தைக் கொடுத்தார். "இந்த எண்ணெய்க் கறை ஒரு நாள்ல படிஞ்சதில்ல. தினமும் இதே எடத்துல தலையச் சாய்ச்சு நின்னவங்களுக்கு, இந்த வீட்ட விட்டுப் போக மனசு வருமா?"

கிருஷ்ணவேணி உள்ளே போனாள். கேப்பைப் பானைக்குள் கைவிட்டுக் கிளியை எடுத்து வந்து கணவன் கையில் வைத்தாள். அதன் பின்புறம் ஒரு சின்னத் தாமரை.

"புள்ளையோட குவார்ட்டர்ஸுக்குப் போவலாம்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. எனக்கு அங்க யாரத் தெரியும்? இங்க நின்னா தெருவே என்கிட்டப் பேசிட்டுப் போவும். கிளி இல்லன்னா அவங்க வீட்ட வேணாம்னுடுவாங்கன்னு நெனைச்சேன்." அம்சாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பழி உன் மேல விழும்னு நெனைக்கல கண்ணு. சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, பயந்துட்டேன்."

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே," என்றார் சீனுவாசன்.

"கேட்டீங்களா?"

சீனுவாசன் எண்ணெய்க் கறை படிந்த அந்தப் படத்தையே பார்த்தார். அப்புறம் காமிராவைக் கொண்டுவந்து, "மன்னிச்சிடும்மா," என்று அம்சாவிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். அம்சா லென்ஸைத் துடைத்துப் பார்த்த பிறகுதான் சிரித்தாள்.

சீனுவாசன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் கிருஷ்ணவேணி.

"பாண்டிச்சேரிக்கு."

"போய் என்னன்னு சொல்லுவீங்க?"

"கிளி கெடைச்சிடுச்சு, வீடு கெடைக்காதுன்னு சொல்லிட்டு வர்றேன்."