வேர்ச்சான்று

காலையில் எழுந்ததும் ஜெனிட்டா முதலில் செய்வது, மணிக்கட்டில் இருக்கும் நாடிக்காப்பைச் சுவரில் பதித்த கண்ணாடி வில்லையில் வைப்பது. வில்லை பச்சையாக ஒளிரும். அதன்பிறகுதான் பல் தேய்ப்பதெல்லாம். நார்வெல் நகரத்தில் இன்னொருவர் வீட்டில் தங்கும் வெளிநாட்டு மாணவர்கள் எல்லாரும் இதைச் செய்தாக வேண்டும். காப்பு நாடித்துடிப்பின் ஏற்ற இறக்கங்களை நகர மன்றத்துக்கு அனுப்பிவிடும். உடல்நலத்துக்காக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள்.

"பச்சை வந்துச்சா கண்ணு?" என்று சமையலறையிலிருந்து மயூரி கேட்பாள்.

"வந்துட்டுக்கா."

கடல் ஏறித் தெற்கே ஊர்கள் மூழ்கத் தொடங்கியபோது உலகமே இந்த வடக்கத்தி நகரத்துக்கு வந்து குவிந்தது. வசதியுள்ளவர்கள் வீடுகளை வளைத்துப்போட்டுப் பூட்டிவைத்தார்கள். கோபமடைந்த நகரம் வாடகையையே சட்டப்படி ஒழித்துவிட்டது. இப்போது இங்கே அறை கிடைக்க ஒரே வழி, ஏற்கெனவே குடியிருக்கும் ஒருவர் "வா" என்று அழைப்பதுதான்.

கடல்நீரைக் குடிநீராக்கும் படிப்புக்காகத் தூத்துக்குடியிலிருந்து வந்த ஜெனிட்டாவை யாரும் அழைக்கவில்லை. பல்கலைக்கழக வரவேற்புக் கூடத்தில் மடக்குக் கட்டிலும் ஒரு திரைச்சீலையும்தான் அவளுக்கு இடம். வகுப்பு முடிந்ததும் தெருத்தெருவாகப் போய்க் கதவைத் தட்டுவாள். மரியாதையாக மறுத்து அனுப்புவார்கள். கோடைக்குள் இடம் பிடிக்காதவர்கள் படிப்பை விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டும்.

அப்போதுதான் மயூரி கூடத்துக்கு வந்தாள். கோபிசெட்டிபாளையத்துக்காரி. துறைமுகத்தில் மிதவைத் தோட்டங்களைப் பார்த்துக்கொள்பவள். தற்காலிக அனுமதியில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தாள். கட்டில்களைச் சுற்றி வந்தவள், அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்த ஜெனிட்டாவின் முன்னால் நின்று, "சாப்ட்டியா கண்ணு?" என்றாள். அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது; அன்றே அவளோடு அவள் வீட்டுக்குப் போனாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஜெனிட்டா ஊரை மறந்தாள். மயூரி அரிசியும்பருப்பு சாதம் செய்து நெய் விட்டுப் பிசைந்து கொடுத்தாள். காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்திலேயே விழித்திருந்தாள். உடன்பிறந்தவர் இல்லாத ஜெனிட்டாவுக்கு அக்கா என்ற சொல் வாயில் ஊறிப்போனது.

பனி உருகத் தொடங்கிய ஒரு மாலை, காப்பைக் காட்டியும் கதவு திறக்கவில்லை. அவளுடைய பெட்டி வெளியே நின்றிருந்தது.

"அக்கா! நான் எதும் தப்பு பண்ணிட்டேனாக்கா? கதவத் தொறங்கக்கா!"

கதவின் ஒலிபெருக்கியில் மயூரியின் குரல் மட்டும் வந்தது. "வேற எடம் பாத்துக்க கண்ணு. எதுவும் கேக்காத."

திரும்பவும் கூடம், திரும்பவும் திரைச்சீலை. தான் செய்த பிழை என்னவென்று ஜெனிட்டா தேடிக்கொண்டே இருந்தாள். டிராமில் யாராவது தமிழில் பேசினால் மயூரியோ என்று திரும்பிப் பார்ப்பாள். நெய் வாசனை வந்தால் கண் நிறையும். காப்பு எல்லாவற்றையும் பதிவுசெய்துகொண்டிருந்தது.

நகர மன்றத்திலிருந்து அழைப்பு வந்தது. மேசைக்குப் பின்னால் ஒரு நரைத்த அதிகாரி. ஒரு மூலையில் மயூரி. அதிகாரி பேசியதை ஜெனிட்டாவின் செவிப்பெயர்ப்பி உணர்ச்சியில்லாத தமிழில் சொன்னது.

"யாரை இழந்தால் இங்கே ஒருவராவது வருந்துவாரோ, அவருக்கே இந்நகரம் வேர்ச்சான்று அளிக்கிறது. அதன்பின் அவரை யாரும் வெளியேற்ற முடியாது. மயூரியைப் பிரிந்த உங்கள் ஏக்கம் போதிய அளவைக் கடந்துள்ளதால் சான்று மயூரிக்குக் கிடைக்கிறது. வாழ்த்துகள்."

ஜெனிட்டாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. சேர்ந்திருந்தால் ஏக்கத்தை அளக்க முடியாது. அதற்காகத்தான் கதவு அடைபட்டிருக்கிறது.

"என்னை ஏமாத்திட்டாங்க சார்," என்றாள்.

"மறுப்புத் தெரிவிக்க உங்களுக்கு உரிமையுண்டு. ஏக்கம் இப்போது இல்லையென்றால் சான்று ரத்தாகும். கையை வையுங்கள்."

வில்லையில் கையை வைத்தாள். மயூரியை வெறுக்க என்னென்ன உண்டோ எல்லாவற்றையும் நினைத்தாள். அடைத்த கதவை நினைத்தாள், பெட்டியை நினைத்தாள். மூலையில் மயூரி லேசாக இருமினாள். சளி பிடித்திருக்கிறது போல என்று ஜெனிட்டாவின் மனம் தன்னையறியாமல் பதறியது.

வில்லை பச்சையாக ஒளிர்ந்தது.

"கோபமும் உள்ளது. ஆனால் கோபம் கணக்கில் வராது," என்றது செவிப்பெயர்ப்பி.

வெளியே தாழ்வாரத்தில் மயூரி பின்னாலேயே வந்தாள். "என்னையும் ஒருத்தி இப்படித்தான் பண்ணுனா கண்ணு. இங்க வேற வழி இல்ல. நீயும் கூடத்துல ஒரு புள்ளையப் பாத்து..."

"நான் காய்ச்சல்ல கெடந்தப்போ தூங்காம பக்கத்துலயே இருந்தீங்களே," என்றாள் ஜெனிட்டா. "அதுவும் இதுக்குத்தானாக்கா?"

மயூரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இல்லைன்னு சொன்னா நீ நம்புவியா?"

ஜெனிட்டா திரும்பி நடந்தாள்.

கோடை நெருங்கியது. ஒரு நாள் ஆய்வகத்தில் இங்ரிட் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். இங்கேயே பிறந்தவள், கலகலப்பானவள். பிறப்பாலேயே வேர் உள்ளவள். அவளுக்கு எந்தச் சான்றும் வேண்டியதில்லை.

"எங்கள் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. அம்மாவிடம் பேசிவிட்டேன். இன்றைக்கே வந்துவிடு," என்று சொல்லிச் சிரித்தாள்.

அவளால் தன்னிடம் பெறக்கூடியது எதுவுமில்லை என்பது ஜெனிட்டாவுக்கு நன்றாகத் தெரியும். மாதக்கணக்காகத் தேடிய "வா" என்ற சொல் அதுதான். எழுந்து அவளைக் கட்டிக்கொண்டிருக்கலாம்.

கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள். டிராம் எப்போது வரும் என்று விசாரிப்பவளைப் போல அமைதியாகக் கேட்டாள்:

"எப்போது என்னை வெளியே அனுப்புவீர்கள்?"