பட்டக்கல் காணாமல் போன ஓய்வுநாள்

ஹாவர்சே தீவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டமாட்டார்கள், பிரசவ வலி வந்தாலொழிய. அதனால் நர்ஸ் உனா மருந்துப் பையைக் கையில் எடுத்துக்கொண்டேதான் தாழ்ப்பாளை நீக்கினாள். வாசலில் நின்றது மோராக். ஐம்பத்தெட்டு வயது விதவை.

“கல்லைக் காணோம் நர்ஸம்மா. நேத்து சூரியன் சாயறப்ப அது மேல பால் வெச்சேன், இருந்துச்சு. காலையில பாத்தா வெறும் குழி.”

எங்கள் தீவில் கல் என்றால் ஒரே கல்தான். வலது பாதம் பதிந்த கருங்கல் பலகை. தீவுகளை ஆண்ட அரசர்கள் அந்தப் பள்ளத்தில் கால் வைத்துத்தான் பட்டம் ஏற்பார்களாம். உரியவன் நின்றால் கல் முனகுமாம். கடைசி அரசன் செத்து நானூறு வருஷம் ஆயிற்று. கல் முனகி உயிரோடிருப்பவர் எவரும் கேட்டதில்லை. கல்லைக் காவல் காப்பது மோராக்கின் புகுந்த வீட்டார். சனிக்கிழமைதோறும் பால் வைப்பதும் அவர்கள் வழக்கம்.

“இதைப் படிச்சுப் பாருங்க,” என்று மோராக் ஒரு பழைய பத்திரத்தை நீட்டினாள். “என் வீட்டுக்காரர் பெட்டியில இருந்தது. ஊர்ல யாருக்கும் தெரியாது.”

பத்திரத்தின்படி, வீடும் நிலமும் வாடகையில்லாமல் காவல் குடும்பத்துக்கே. ஆனால் கல் தன் இடத்தில் இல்லாமல் ஒருமுறை சூரியன் மறைந்தால், எல்லாம் தீவின் சொந்தக்காரரான துரையின் எஸ்டேட்டுக்குத் திரும்பிவிடும்.

“காலங்காத்தால துரை தூண்டிலோட அந்தப் பக்கமா வந்தாரு. குழியைப் பாத்ததும் ஒரே சிரிப்பு. ‘எட்டரைக்குச் சூரியன் மறையும். ரெண்டு சாட்சியோட வரேன், சாமானைக் கட்டி வை’ன்னுட்டாரு.”

“ஞாயித்துக்கிழமை மீன் பிடிக்கவா!” என்று பக்கத்து ஜன்னலிலிருந்து ஒரு குரல் அலறியது. தபால்காரர் லாக்லன். ஐம்பது வயதாகியும் ஒட்டுக்கேட்கும் பழக்கம் போகாதவர். “அவன்தான் திருடன்! அங்க வேட்டை பங்களா கட்டணும்னு மூணு வருஷமா அலையறான்.”

“ஊர்க்காரங்ககிட்டச் சொன்னியா மோராக்?” என்றாள் உனா.

“கல்லைக் காணோம்னு சொன்னேன். நாளைக்குத் தேடலாம்னாங்க. தேடறதும் வேலைதானே, ஓய்வுநாள்ல வேலை செஞ்சா பாவமாச்சே.”

“வீடு போயிடும்னு சொன்னியா?”

“எதுக்கு? என் வீட்டுக்காக அவங்களைப் பாவத்துல இழுக்கவா?” என்றவள் அதற்கு மேல் தாங்கமாட்டாமல் அழுதுவிட்டாள்.

நோயாளியைப் பார்க்க நடப்பது இரக்கத்தின் வேலை. அதற்கு ஓய்வுநாளிலும் தடையில்லை. நர்ஸின் பையைத் தூக்குவதும் இரக்கம்தான் என்று லாக்லன் தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

மேட்டின் மேல் குழி வெறிச்சோடிக் கிடந்தது. கீழே சேற்றுநிலத்தில், சக்கரமில்லாத சறுக்குவண்டி இழுத்த இரண்டு கோடுகள். நடுவில் ஒரே குதிரையின் குளம்புகள். பக்கத்தில் ஒரே ஆளின் பூட்ஸ் தடம். சரளைச் சாலையில் ஏறியதும் எல்லாம் மறைந்துவிட்டது. உனா சாலையை விட்டுவிட்டு, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பால் கிண்ணத்தை எங்க வெச்சே மோராக்?”

“கல்லு மேலதான்.”

“இப்பச் சுவர் மேல இருக்கு. நாய் தட்டிடாம மேல ஒரு ஓடும் மூடியிருக்கு.”

“அய்யோ, எங்கம்மா கிண்ணம்! நான் அதைக் கவனிக்கவே இல்லையே. உடைஞ்சிருந்தா என் உசிரே போயிருக்கும்.”

“துரை ஆளுங்க இவ்வளவு பதவிசா?” என்றாள் உனா மெல்ல.

அந்த நேரம் பார்த்து வடக்குக் கோடியில் ஒரு தலைப்பிரசவம். குழந்தை பிறந்து உனா கை கழுவியபோது மணி நாலாகிவிட்டது. பாதி நாள் போயிற்றே என்று லாக்லன் புலம்பிக்கொண்டே வந்தார். “இன்னும் ஒரு நோயாளி பாக்கி,” என்று உனா முர்டோவின் வீட்டுக்குத் திரும்பினாள்.

முர்டோ சபையின் மூத்த மூப்பர். மோராக்கின் கூடப் பிறந்த அண்ணன். கல்லுக்குப் பால் வைப்பது விக்கிரக ஆராதனை என்று அவர் சொல்லப்போய், இருவரும் பேசிக்கொண்டு பதினோரு வருஷம் ஆகிறது. அவர் அப்போது மாலை ஆராதனைக்குப் போயிருந்தார். மனைவி கிர்ஸ்டி மார்ச்சளியோடு படுத்திருந்தாள்.

“கை கழுவ ஒரு குவளை தண்ணி கொடுங்க கிர்ஸ்டி.”

“ஒரு சொட்டுத் தண்ணி இல்லம்மா. காலையிலேர்ந்து பாலைக் குடிச்சிட்டுக் கிடக்கேன். சனிக்கிழமை படுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வாளியும் ரொப்பி வெச்சிடுவாரு, நாப்பது வருஷத்துல ஒரு நாள் தவறினதில்ல. நேத்து ஏதோ சபை வேலைன்னு போனவரு, எப்ப வந்தாருன்னே தெரியல. இன்னைக்குக் கிணத்துக்குப் போகக் கூடாதே.”

உனா கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தாள். குதிரையின் வயிறுவரை கறுப்புச் சேறு காய்ந்து அப்பிக்கிடந்தது. கொட்டகையில் சறுக்குவண்டியைக் காணோம்.

“அடப்பாவமே! கடிவாளத்துப் பித்தளையில முகம் பாக்கற மனுசனாச்சே!” என்றார் லாக்லன். “குதிரையை இப்படி விடுவாரா?”

“சனிக்கிழமையா இருந்தா விடமாட்டாரு. வாங்க, ஆராதனை முடியப்போகுது.”

ஆறரைக்கு ஜனங்கள் ஆலயத்திலிருந்து வெளியே வந்தார்கள். கறுப்புக் கோட்டும் இறுகிய முகமுமாக முர்டோ கடைசியில் வந்தார். உனா படியிலேயே நின்றுகொண்டாள்.

“மூப்பரே, ஆலயத்துப் பாடைக் கொட்டகைச் சாவி உங்ககிட்டதானே இருக்கு?”

“யார் செத்தா?”

“யாரும் சாகல. கல்லு உள்ள இருக்குன்னு நினைக்கிறேன்.”

கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. “துரையில்ல எடுத்தான்?” என்றார் ஒருவர்.

“துரை எடுத்திருந்தா ஆறு பேரைக் கூட்டிட்டு வந்திருப்பாரு, கிண்ணத்தை உதைச்சுத் தள்ளியிருப்பாரு. வந்தது ஒரே ஆள், ஒரே குதிரை. கிண்ணம் யாரோட அம்மாதுன்னு தெரிஞ்ச ஆள். மோராக் விளக்கை அணைக்கிறது பத்தரைக்கு. தனி ஆளா அந்தக் கல்லை நெம்பி ஏத்தி, சேத்தைத் தாண்டி இங்க வர்றதுக்குள்ள பன்னெண்டு ஆகப்போகுது. கடல் இன்னும் அரை மைல். வேற திருடனா இருந்தா போயே இருப்பான். இந்த ஆளால முடியல. பன்னெண்டு அடிச்சா ஓய்வுநாள். வண்டியை இங்க பூட்டிட்டு, குதிரையோட ஓட்டமா வீட்டுக்குப் போனாரு. அப்பவும் நேரம் தாண்டிடுச்சு. அதனால குதிரையைத் தேய்க்கல, தண்ணி மொள்ளல. வாளி ரெண்டும் காஞ்சு கிடக்கு மூப்பரே.”

முர்டோ தலையைக் குனியவில்லை.

“நான்தான் எடுத்தேன். இன்னைக்கு ராத்திரி பன்னெண்டு தாண்டினதும் கடல்ல தள்ளியிருப்பேன். யாராவது கேட்டிருந்தா காலையிலேயே சொல்லியிருப்பேன். ஒருத்தரும் கேக்கல.”

“உங்களைக் கேக்க யாருக்குத் தைரியம்?” என்று லாக்லன் முணுமுணுத்தார்.

“அது விக்கிரகம். அதுலேர்ந்து என் தங்கச்சியைக் காப்பாத்தினேன்.”

“காப்பாத்தி எங்க நிறுத்தியிருக்கீங்க தெரியுமா?” உனா பத்திரத்தை அவர் கையில் கொடுத்தாள். “இன்னைக்கு எட்டரைக்கு அவ நடுத்தெருவுல நிப்பா.”

முர்டோ அதை இரண்டு தடவை படித்தார். “இது எனக்குத் தெரியாது,” என்றார். யாரோ இருமினார்கள். நாளைக் காலையில் முதல் வேலையாக இழுத்துவிடலாம் என்று ஒரு பெரியவர் சொன்னார். சூரியன் கடலுக்கு இரண்டு முழம் மேலே நின்றது.

முர்டோ கோட்டைக் கழற்றிச் சுவர்மேல் வைத்தார். சாவியை லாக்லனிடம் கொடுத்துவிட்டு, குதிரையைக் கொண்டுவர வீட்டுக்கு நடந்தார். ஞாயிற்றுக்கிழமை, சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க.

கறுப்புத் துணிக்கு அடியில் வண்டியோடு கல் இருந்தது. அவர் குதிரையைப் பூட்டி இழுத்தார். ஊர் கைகட்டிக்கொண்டு பின்னால் நடந்தது. சேற்றில் வண்டி சிக்கி நின்றது. குதிரை முழங்காலிட்டது. “எனக்கு மண்டையில அடிபட்டு, இன்னைக்கு என்ன கிழமைன்னே மறந்துபோச்சுன்னு நினைச்சுக்குங்க,” என்று லாக்லன் இறங்கித் தோள் கொடுத்தார். அப்புறம் இன்னொருவர். அப்புறம் போதகரே கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

மேட்டில் துரை இரண்டு சாட்சிகளோடு, கையில் கடிகாரத்துடன் நின்றுகொண்டிருந்தார். கட்டிய மூட்டைகளின் பக்கத்தில் மோராக். சூரியன் பாதி கடலுக்குள் போய்விட்டது. முர்டோ கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்; நழுவிய கல்லைக் காலால் அழுத்திக் குழிக்குள் இறக்கினார். அது அடிப்பாறையில் உரசி உட்கார்ந்தபோது, அடிவயிற்றிலிருந்து வருவதுபோல ஒரு நீண்ட முனகல் எழுந்தது.

எல்லோரும் கேட்டோம். துரை கடிகாரத்தை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

“மூப்பரே, உங்க கால் எங்க இருக்குன்னு பாருங்க!” என்று லாக்லன் கத்தினார்.

முர்டோ குனிந்து பார்த்தார். வலது பூட்ஸ், அரசர்களின் பாதப் பள்ளத்தில் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. நெருப்பை மிதித்தவர்போலத் துள்ளி விலகினார். ஊரே சிரித்துவிட்டது. கல்லோடு கல் உரசினால் அப்படித்தான் சத்தம் வரும் என்று உனா சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மோராக் சிரிக்கவில்லை. வீட்டுக்குள் போய், அம்மாவின் கிண்ணத்தில் பாலோடு வந்தாள்.

“கல்லுக்கு வெச்சதா?” என்று கேட்டார் முர்டோ.

“இல்ல அண்ணே. இப்பக் கறந்தது. குடி.”

அவர் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கிண்ணத்தை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். மோராக் சுவரோரம் இருந்த வாளிகளை எடுத்தாள். “அண்ணி தண்ணியில்லாம கிடக்காங்களாமே. நான் மொண்டு தரேன், அந்தப் பாவம் என்னோட போகட்டும்.”

“கொடு இங்க,” என்று முர்டோ இரண்டு வாளியையும் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிணற்றடிக்கு நடந்தார்.