கண்ணாடிக்குள் வேர்த்த விளக்கு

காலை பத்து மணி வெயிலில் குடிநீர் ஆபீஸ் ஸ்டோர்காரர் சுரங்க வாசலில் வண்டியை நிறுத்தினார். மலையைக் குடைந்து குடிதண்ணீர் கொண்டுவரும் பழைய சுரங்கம் அது. உள்ளே வேலைக்குப் போகிறவர்களுக்குப் பதினொரு வருடமாக பூட்ஸும் கையுறையும் நெற்றி விளக்கும் வாங்கிக் கொடுப்பவர் அவர்தான். ஆனால் ஒரு தடவைகூட உள்ளே கால் வைத்ததில்லை.

"வாங்கண்ணே, இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று சிரித்தார் மேஸ்திரி.

பையில் மாதிரிக்கு மூன்று விளக்குகள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உள்ளே போகிற ஆறு பேருக்கும் வாங்க வேண்டும். இந்தத் தடவை கடையில் பார்த்து எடுக்கக் கூடாது, சுரங்கத்திலேயே சோதித்து எடுக்க வேண்டும் என்பது இன்ஜினியர் உத்தரவு. நான்கு மாதத்துக்கு முன்னால் இங்கே விளக்கு அணைந்து, தண்ணீரோடு வரும் சேறு படிகிற வண்டல் குழியில் விழுந்து, ஒட்டடைக்குச்சி செத்துப்போயிருந்தான். நெட்டையாக, ஒல்லியாக இருந்த அந்த வெல்டரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

சார்ஜ் போடாமல் போய்விட்டான் என்று விசாரணை முடிந்தது.

வீட்டில் விளக்கை சார்ஜ் போட்டு வைப்பது அவன் மனைவி. இப்போது அவளுக்கு அதே ஆபீஸில் கூட்டிப் பெருக்குகிற வேலை. விளக்குமாற்றோடு நின்று ஸ்டோர்காரரிடமே கேட்பாள்: "பிளக்கைச் சொருகினது ஞாபகம் இருக்குண்ணே. சுவிட்சைப் போட்டேனான்னுதான் தெரியல. என் கையாலதான் அவர் போனாரா?"

அவர் குனிந்து எதையோ தேடுவார்.

அவருக்குத் தெரியும். விபத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஒட்டடைக்குச்சி வந்து நின்றான். "அண்ணே, இதுல தண்ணி ஏறுது. கண்ணாடிக்குள்ள வேர்க்குது பாருங்க." எடை குறைவு, வெளிச்சம் பளிச்சென்று இருக்கிறது என்று அந்த விளக்கை எடுத்தவர் அவர்தான். தூறல் தாங்கும், முங்கினால் தாங்காது என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. அவர் படிக்கவில்லை. "ஊர்ல இல்லாத வேர்வை உனக்கு மட்டும் வருதா? துடைச்சு மாட்டிக்கப்பா" என்று கேலி பேசி அனுப்பிவிட்டார்.

விசாரணையில், "புகார் எதுவும் வரலை சார்" என்றார்.

அந்த நாலு வார்த்தை அன்றிலிருந்து அவரை விடவில்லை. தினமும் கடவுள் முன்னால் கைகூப்புவார். கண்ணைத் திறந்து பார்க்க வெட்கமாக இருக்கும்.

சுரங்கத்துக்குள் வெயில் பத்தடியோடு நின்றுவிட்டது. துருவும் பாசியும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாடை. எங்கோ தண்ணீர் சொட்டியது.

மேஸ்திரி முதல் விளக்கை நெஞ்சு உயரத்திலிருந்து பாறையில் போட்டார். மூடி தெறித்து ஓடியது. இரண்டாவதை ஈரக் கையுறையோடு அழுத்தினார். பொத்தான் அசையவில்லை. "அவசரத்துல இதைத் தடவிக்கிட்டு நின்னா ஆயுசு முடிஞ்சிரும்." மூன்றாவது இரண்டுக்கும் தாக்குப்பிடித்தது.

"வளைவுக்கிட்ட தண்ணி கிடக்கு. அதுல முக்கிப் பாருங்க, வெளிச்சம் இதுவரைக்கும் வருதான்னு நான் பாக்குறேன். குழிக்கு முன்னாடி கயிறு கட்டியிருக்கு. தாண்டிராதீங்க."

ஸ்டோர்காரர் அந்த விளக்கை நெற்றியில் மாட்டிக்கொண்டு போய், வளைவில் கழற்றித் தண்ணீரில் முக்கினார். எரிந்தது. நிம்மதியாக வெளியே எடுக்கும்போது கை வழுக்கியது. விளக்கு முகங்குப்புறச் சேற்றில் புதைந்தது.

கண்ணுக்குள் ஊற்றியது போல இருட்டு.

தவழ்ந்து தேடினார். இரண்டடி. மூன்றடி. முதுகில் ஏதோ உரசியது.

முன்னால் சிவப்பாக ஒரு வெளிச்சம்.

சுரங்க ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எதிராளியின் கண் கூசாமலிருக்க, தன் நெற்றி விளக்கை உள்ளங்கையால் பொத்திக்கொள்வார்கள். விரலிடுக்கில் வெளிச்சம் ரத்தச் சிவப்பாகக் கசியும். இதுவும் அப்படித்தான் கசிந்தது.

"கையை எடுங்க மேஸ்திரி. லைட்டு விழுந்திருச்சு."

"நான் இங்கேதாண்ணே நிக்கிறேன்!"

குரல் பின்னாலிருந்து வந்தது. வெகு தூரத்திலிருந்து.

அவர் மெல்ல நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சிவப்பு, சாதாரண மனிதனின் நெற்றிக்கு ஒரு முழம் மேலே நின்றது.

சேற்று வாடை முகத்தில் அடித்தது.

"அண்ணே... நில்லுங்க." நனைந்த, மெல்லிய குரல். "அடுத்த எட்டுல குழி."

பயத்தைவிட வெட்கம்தான் அவரைச் சுருட்டிப் போட்டது. அவன் வாய் திறக்காமல் இருந்திருந்தாலே போதும், அவர் போயிருப்பார். வாய் திறக்காமல் இருந்தது அவர்தானே! செத்த பிறகும் அவர் கண் கூசக் கூடாது என்று கையால் மறைத்துக்கொண்டு நிற்கிறானே!

மேஸ்திரி ஓடிவந்து வெளிச்சம் அடித்தார். கயிறு ஸ்டோர்காரருக்குப் பின்னால் தொங்கியது. அவருடைய கைக்கு அரை அடி முன்னால் குழி. வேறு யாரும் இல்லை. சேற்றிலிருந்து தோண்டி எடுத்த விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"இதையே வாங்கிரலாம்ணே," என்றார் மேஸ்திரி. சொல்லிக்கொண்டே குழிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

ஆபீஸுக்கு வந்ததும், தைரியம் வடிவதற்குள் அவர் நேராக அவளிடம் போனார். "தங்கச்சி, தப்பு உன் கையில இல்லம்மா. விளக்குல தண்ணி ஏறுதுன்னு அவன் என்கிட்ட சொன்னான். நான் கேலி பண்ணி அனுப்பிட்டேன். அப்புறம் மறைச்சும்புட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை.

"அப்போ நான் சுவிட்சைப் போட்டிருக்கேன்," என்றாள் மெதுவாக. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ஒரு டம்ளர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அதே சேற்றுக் காலோடு அவர் இன்ஜினியர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். திரும்பி வந்தபோது டம்ளர் காலியாக இருந்தது.

விசாரணை மறுபடியும் தொடங்கியது. முடிவு வரும்வரை ஸ்டோர் அவர் பொறுப்பில்தான். புது விளக்குகள் ஏழு வந்தன. ஆறு பேருக்கு எதற்கு ஏழு என்று யாரும் கேட்கவில்லை. ஏழாவதை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. பட்டையை இறுக்கி, ஆணியில் மாட்டி, கதவைப் பூட்டிவிட்டுப் போவார்.

காலையில் திறக்கும்போது ஆறும் உலர்ந்திருக்கும்.

ஏழாவதன் பட்டை கடைசிவரை தளர்ந்து, ஈரமாகத் தொங்கும். தொட்டுப் பார்த்தால், இப்போதுதான் யாரோ நெற்றியிலிருந்து கழற்றி மாட்டியது போல வெதுவெதுப்பாக இருக்கும்.